கேள்வி – பதில்: 1911 பிஸ்ரலின் பிற்காலப் பிரதிகள்

சென்ற இதழில், ஜோன் பிறவுணிங் வடிவமைத்து 1911 மார்ச் 29 இல் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட, கொல்ட் நிறுவனம் செய்த .45 அங்குலக் குழல் விட்டப் பிஸ்ரலைப் பற்றி எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய பிஸ்ரலை விட்டுவிட்டு, இன்று பிலிப்பைன்ஸ், துருக்கி, சீனா, பிறேசில், அமெரிக்கா என்று பல இடங்களில் செய்யப்படும் அதன் பிரதிகளின் தரத்தையே கேட்கின்றன. புலம்பெயர் நாடுகளில் அனுமதியோடு குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் ஈடுபடுவோரும் எழுதியிருக்கிறார்கள். இங்கே பட்டறையில் நின்றுகொண்டு பொறிமுறை ஆர்வத்தால் கேட்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் இல்லாமல் எந்தச் சுடுகலனையும் வைத்திருக்க முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

வாசிக்க இலகுவாக, பிடியோடு சேர்ந்த கீழ்ப்பகுதியைச் சட்டம் என்றும், மேலே முன்னும் பின்னும் ஓடும் பகுதியைச் சிலைட் என்றும், சுட்ட பிறகு வெற்றுக்கோதை, ரவை இருக்கும் குழலின் பின்பகுதியான அறையிலிருந்து இழுத்தெடுக்கும் பாகத்தைக் கொளுக்கி என்றும் எழுதுகிறோம்.

கோண்டாவிலில் இருந்து ஒரு லேத் தொழிலாளி: பழைய கொல்ட்தான் திறம், பிறகு வந்ததெல்லாம் தகரம் எண்டு எங்கட பட்டறைக்கு வாற பெரியவர் ஒருவர் அடிச்சுச் சொல்லுறார். வார்ப்பு, எம்ஐஎம் எண்டு வேற இப்ப கதைக்கிறாங்கள். உண்மையிலை எது திறம்?

பெரியவர் சொல்வதில் பாதிதான் சரி. உருக்கின் தரத்தைப் பார்த்தால் இன்றைய மலிவான பிரதிகூடப் பழையதை வென்றுவிடும். முதலாம் உலகப் போர்க்காலத்துச் சிலைட்கள் பதப்படுத்தப்படாத மென்மையான உருக்கால் ஆனவை. தொடர்ந்து சுட்டால் வெடிப்பு விடும். இரண்டாம் போர்க்காலத்தில்கூடச் சிலைட்டின் முன்முனை, ரவை முடிந்ததும் சிலைட்டைப் பின்னுக்கே நிறுத்தும் சிலைட் தடுப்பு விழும் வெட்டு போன்ற அடிபடும் இடங்களைத்தான் கடினப்படுத்தினார்கள். இன்று நல்ல தொழிற்சாலை எதுவும் முழுச் சிலைட்டையும் சரியான பதத்துக்குக் கொண்டுவராமல் வெளியே விடுவதில்லை.

பழையவற்றில் இருந்து இன்றையவற்றில் குறைந்துபோனது சின்னப் பாகங்களின் தரமும், அவற்றைப் பொருத்தும் கைவேலையும். இதைப் புரிந்துகொள்ள, செய்யும் முறைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

காய்ச்சி அச்சில் அடித்த உருக்கிலிருந்து மில்லிங் செய்து எடுப்பது ஒன்று. பிறேசிலின் இம்பெல் நிறுவனம் செய்து அமெரிக்காவின் ஸ்பிறிங்ஃபீல்ட் ஆர்மறி பெயரில் விற்கப்படும் சட்டங்களும், சீனாவின் நொறிங்கோவும், துருக்கி ட்ராப்சொனின் திசாஷும் இந்த வகை. மெழுகு அச்சு வைத்து வார்ப்பது இரண்டாவது. பிலிப்பைன்ஸ் மரிக்கினாவில் ஆர்ம்ஸ்கோர் செய்யும் றொக் ஐலன்ட் பிஸ்ரலின் சட்டம் 4140 என்னும் வகை உருக்கு வார்ப்பு. ருகர் நிறுவனம் 2011 இல் கொண்டுவந்த எஸ்ஆர்1911 இன் சட்டமும் வார்ப்புத்தான். ஆனால் சிலைட்டை உருக்குக் கட்டையிலிருந்து வெட்டுகிறார்கள்.

வார்ப்பு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். இந்தப் பிஸ்ரலில் சட்டத்துக்கு வரும் பளு பெரிதல்ல. சுடும் கணத்து அழுத்தத்தைக் குழலும் சிலைட்டும் ஒன்றையொன்று பூட்டித் தாங்குகின்றன. நல்ல வார்ப்புச் சட்டம் பல்லாயிரம் ரவைகளுக்கு ஈடுகொடுக்கும். வார்ப்பால் ஒரு நன்மைகூட உண்டு. இடப்பக்கத்தில் சேஃப்ரியின் ஸ்பிரிங்கைத் தாங்கும் சின்னக் குழாய் ஒன்று இருக்கிறது; பிளஞ்சர் குழாய் என்பார்கள். மூல வடிவத்தில் அது தனிப் பாகம், இரண்டு காலைச் சட்டத்தின் துளையில் விட்டு உள்ளிருந்து அடித்துப் பரப்பி இறுக்குவது. ருகர் அதைச் சட்டத்தோடு சேர்த்தே வார்த்துவிட்டது. அந்தக் குழாய் கழன்று சேஃப்ரி இறுகிப்போகும் நோய் அதில் வரவே வராது.

மூன்றாவதுதான் எம்ஐஎம். மிக நுண்ணிய உலோகத் தூளைப் பிளாஸ்ரிக் பசையோடு கலந்து அச்சுக்குள் ஊசிபோல் செலுத்தி, பசையை எடுத்துவிட்டு, உருகும் வெப்பத்துக்குச் சற்றுக் கீழே சூளையில் இறுக வைக்கிறார்கள். பாகம் ஐந்தில் ஒரு பங்கு வரை சுருங்கும். சுருக்கம் சீராக வந்தால் அளவு துல்லியமாக இருக்கும், அரத்தால் ராவ வேண்டிய தேவையே குறைந்துவிடும். சீராக வராவிட்டால் உள்ளே வெற்றிடம் நிற்கும், ஒருநாள் அந்த இடத்தில் முறியும். அடையாளம் காண்பது சுலபம். வெட்டுக் கருவி ஓடிய கோடு எதுவும் இராது, மேற்பரப்பு ஒரே சாம்பல் நிறமாக இருக்கும், எங்காவது ஒரு மூலையில் சின்ன வட்டத் தழும்போ அச்சின் இணைப்புக் கோடோ தெரியும்.

எங்கள் அபிப்பிராயம் இது: நிமிர்ந்த சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் சியர், சிலைட் முழுதாக மூடாதவரை சுட விடாத டிஸ்கனெக்ரர், ரவைக் கூட்டைப் பிடித்து வைக்கும் மகசின் பூட்டு போன்ற, அழுத்தம் மட்டும் வாங்கும் பாகங்களுக்கு எம்ஐஎம் போதும். கொல்ட் நிறுவனமே இன்று இவற்றை அப்படித்தான் செய்கிறது. கட்டைவிரல் சேஃப்ரியும் சிலைட் தடுப்பும் எம்ஐஎம் ஆக இருந்தால் கண் வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அவை பக்கவாட்டு அடி வாங்குபவை. கொளுக்கி எம்ஐஎம் ஆக இருக்கவே கூடாது. இந்த வடிவத்தில் கொளுக்கிதான் ஸ்பிரிங். தனி ஸ்பிரிங் இல்லை. வளைந்து நிமிரும் வேலையை ஸ்பிரிங் உருக்கால்தான் நெடுநாள் செய்ய முடியும்.

நல்லூரில் இருந்து ஒரு வாசகி: எங்கள் வீட்டில் அம்மம்மாவின் சிங்கர் தையல் மெசின் இன்றும் ஓடுகிறது. அதே சிங்கர் கம்பனி இந்தப் பிஸ்ரலையும் செய்தது என்று மகன் சொல்கிறான். உண்மையா?

உண்மைதான். போர் வந்தால் வேறு தொழிற்சாலைகளாலும் இதைச் செய்ய முடியுமா என்று பார்ப்பதற்காக அமெரிக்க இராணுவம் கொடுத்த பரீட்சார்த்தக் கட்டளை அது. நியூ ஜேர்சியின் எலிசபெத் நகரில் சிங்கர் செய்து கொடுத்தது 500 பிஸ்ரல்கள் மட்டுமே. தொடரிலக்கம் எஸ்800001 இல் தொடங்கி எஸ்800500 இல் முடிகிறது. வேலை அவ்வளவு சுத்தம். ஆனாலும் சிங்கரின் துல்லியமான கையை வேறு இராணுவக் கருவிகளுக்குப் பயன்படுத்துவதே நல்லது என்று முடிவுசெய்து, பிஸ்ரலை வேறு இடங்களுக்குக் கொடுத்தார்கள். இரண்டாம் போர்க்காலத்தில் 8 இலட்சத்துக்கு மேல் செய்து முதலிடத்துக்கு வந்தது தட்டச்சு மெசினுக்குப் பெயர்போன றெமிங்டன் றான்ட்.

500 தான் இருப்பதால் சிங்கர் பிஸ்ரலுக்கு விலை எக்கச்சக்கம். அதனால் போலிகளும் உண்டு. வேறு கம்பனியின் எழுத்தை ராவி அழித்து சிங்கர் என்று அடித்துவிடுவார்கள். அழித்த இடத்தில் சிலைட்டின் பக்கம் மெல்லியதாகக் குழிந்திருக்கும். நேர்விளிம்பு ஒன்றை நெடுக வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தால் இடைவெளி தெரிந்துவிடும். இன்னொன்று, சிங்கர் பிஸ்ரல் நீலக் கருமைப் பூச்சோடு வந்தது. பிற்காலப் போர்ப் பிஸ்ரல்களில் இருக்கும் சொரசொரப்பான சாம்பல்பச்சைப் பொஸ்பேற் பூச்சு அதில் இராது.

சுவிற்சர்லாந்து, சூரிச்சில் இருந்து பருத்தித்துறை வாசகர்: கன்ரன் பொலிசின் கொள்முதல் அனுமதி எடுத்துவிட்டேன். பாவித்த 1911 பிரதி ஒன்றை வாங்க யோசிக்கிறேன். கடையில் பத்து நிமிடம்தான் பார்க்க விடுவார்கள். எதை, எந்த ஒழுங்கில் பார்ப்பது?

பத்து நிமிடம் போதும். முதலில் மகசினைக் கழற்றி, சிலைட்டைப் பின்னுக்கு இழுத்து, அறை வெறுமையா என்று கண்ணாலும் பார்த்து விரலாலும் தடவிப் பாருங்கள். கடைக்காரர் ஏற்கெனவே பார்த்துவிட்டார் என்பதால் இதை விட்டுவிட வேண்டாம்.

அடுத்தது சேஃப்ரி. சிலைட்டை மெதுவாக மூடி, சுத்தியலை நிமிர்த்தி, கட்டைவிரல் சேஃப்ரியை மேலே போட்டு, விசையை நன்றாக இறுக்கி அழுத்துங்கள். விட்டுவிடுங்கள். சேஃப்ரியைக் கீழே இறக்குங்கள். சுத்தியல் அசையக் கூடாது. இனித்தான் முக்கியமான கட்டம்: பிஸ்ரலைக் காதருகே பிடித்து, சுத்தியலை விரலால் சற்றே பின்னுக்கு இழுங்கள். ‘டிக்’ என்று ஊசி விழுந்தாற்போல் ஒரு மெல்லிய சத்தம் கேட்டால், சேஃப்ரி போட்டிருந்தபோதே சியர் நகர்ந்திருக்கிறது, இப்போது பழைய இடத்துக்குத் திரும்புகிறது என்று பொருள். சேஃப்ரியின் உள்முனை சரியாகப் பொருத்தப்படவில்லை. இன்றைக்குப் பிடித்து நிற்கும், நாளைக்கு விட்டுவிடும். வாங்க வேண்டாம், அல்லது புதுச் சேஃப்ரி பொருத்தும் கூலியை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

பிறகு பிடியின் பின்புறத்தில் இருக்கும் பிடிச் சேஃப்ரி. உள்ளங்கை அதில் படாதபடி பிடித்து விசையை அழுத்துங்கள். சுத்தியல் விழக் கூடாது. அடுத்து சிலைட்டைக் கால் அங்குலம் பின்னுக்குத் தள்ளிப் பிடித்தபடி விசையை அழுத்துங்கள்; அப்போதும் விழக் கூடாது. விழுந்தால் டிஸ்கனெக்ரர் பிழை.

விசையின் பாரத்தையும் கவனியுங்கள். இராணுவ அளவு 5 முதல் 6.5 இறாத்தல் வரை, ஏறக்குறைய 2.3 முதல் 2.9 கிலோ. மலிவான பிரதி ஒன்றின் விசை பஞ்சுபோல் இருந்தால் மகிழ வேண்டாம், யாரோ சியரை ராவியிருக்கிறார்கள். அப்படி ராவிய பிஸ்ரலில் சிலைட் மூடும்போது சுத்தியலும் கூடவே விழத் தொடங்கும். வெறும் அறையின் மேல் சிலைட்டைப் ‘படார்’ என்று விடுவதும் அதே இடத்தைத்தான் கெடுக்கும். கடையில் யாராவது அப்படி விட்டுக் காட்டினால் தடுத்துவிடுங்கள்.

இனிக் குழல். சிலைட்டை மூடிய நிலையில், கோது வெளியேறும் வாசலூடாகத் தெரியும் குழலின் பின்முனையைக் கட்டைவிரலால் கீழே அழுத்துங்கள். கீழே போய் மேலே வந்தால் பூட்டு தளர்வு. குறி பரந்துபோவதற்கு இதுதான் காரணம், சட்டத்துக்கும் சிலைட்டுக்கும் இடையிலான ஆட்டம் அவ்வளவு இல்லை. பழைய இராணுவப் பிஸ்ரல்கள் கையில் கடகடக்கும், இருந்தும் குழலும் அதன் முன்முனையைத் தாங்கும் புஷ் வளையமும் இறுக்கமாக இருந்தால் நேராகவே சுடும். ஆட்டமே இல்லாத பிரதியைப் பார்த்து மயங்குபவர்கள் பலர். நெய்போல ஓடும் சிலைட் கண்ணுக்கு அழகுதான். குழலின் பூட்டைப் பார்க்காமல் அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

கழற்ற விட்டால் குழலின் மேல்பக்கத்துப் பூட்டுப் பற்களைப் பாருங்கள். அவற்றின் முன்விளிம்பு சதுரமாக, கூர்மையாக இருக்க வேண்டும். உருண்டு மழுங்கியிருந்தால் குழல் கீழே இறங்க முன்னரே சிலைட் பின்னுக்கு இழுக்கிறது. குழலைக் கீழே இழுக்கும் சின்ன இணைப்பான லிங்க்கின் அளவு பிழையாக இருப்பதுதான் வழக்கமான காரணம். இது ஆறாத நோய், நாளுக்கு நாள் கூடும்.

சட்டத்தில் சிலைட் தடுப்பின் துளைக்கு நேர்மேலே, சிலைட் ஓடும் தண்டவாளத்தின் மெல்லிய பகுதியில் மயிரிழை வெடிப்பு இருந்தால் பதற வேண்டாம். அந்த இடத்தில் பளு இல்லை. கொல்ட்டே பிற்காலத்தில் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டது. சிலைட்டில், கோது வாசலின் மூலையில் வெடிப்பு இருந்தால் மட்டும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கடைசியாகப் பிளஞ்சர் குழாய். நகத்தால் நெம்பிப் பாருங்கள். துளியும் அசையக் கூடாது.

சாவகச்சேரியில் இருந்து ஒரு வாசகர்: காணி துப்புரவாக்கும்போது மண்ணுக்குள் துருப்பிடித்த பிஸ்ரல்போல ஒன்று தெரிகிறது. எந்த நாட்டுத் தயாரிப்பு என்று படம் எடுத்து அனுப்பினால் சொல்வீர்களா?

படம் எடுக்கக் கிட்டப் போக வேண்டாம். கிண்ட வேண்டாம், தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். இடத்துக்குத் தூரத்தில் ஒரு அடையாளம் வைத்து, பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் விலக்கி, 119 இற்கோ அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கோ உடனே சொல்லுங்கள். நம்முடைய மண்ணில் ஒரு பொருள் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் வேறென்ன கிடக்கிறது என்று மேலே நின்று சொல்ல முடியாது. துருவேறிய ஆயுதத்துக்குள் ரவை இருந்தாலும் தெரியாது.

நோர்வே, பேர்கனில் இருந்து காரைநகர் வாசகர்: என் சுடுகழகத்தில் ஒருவரிடம் கொங்ஸ்பேர்க் 1914 இருக்கிறது. கொல்ட்டின் நகல்தானே, ஏன் அவ்வளவு மதிப்பு? அதையே போட்டிக்கும் பாவிக்கலாமா?

நகல் என்றாலும் உரிமம் பெற்றுச் செய்த நகல். நோர்வே இராணுவத்துக்காகக் கொங்ஸ்பேர்க் ஆயுதத் தொழிற்சாலை ஏறக்குறைய 33,000 செய்தது. மூல வடிவத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும் மாற்றம் ஒன்றுதான்: சிலைட் தடுப்பின் நெம்பை நீட்டிக் கீழே வளைத்துவிட்டார்கள், பிடியை மாற்றாமலே கட்டைவிரல் எட்டும். சிறிய மாற்றம், ஆனால் மூலத்தைவிட நல்ல மாற்றம். சிலைட்டில் செய்த ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். ஜேர்மன் ஆக்கிரமிப்புக் காலத்திலும் கொஞ்சம் செய்யப்பட்டன. ஜேர்மனியர் அதற்கு 657 என்று இலக்கமிட்டிருந்தார்கள். அந்த ஆண்டுகளுக்குரியவை சேகரிப்பாளரிடம் மேலும் விலை போகும்.

போட்டிக்குப் பாவிப்பது வேறு விடயம். மேலே சொன்னதுபோல அக்காலத்து உருக்கு இன்றைய பதத்தில் இல்லை. வருடத்தில் ஒருமுறை, புது ஸ்பிரிங் போட்டு, 230 கிறெயின் (ஏறக்குறைய 15 கிராம்) சன்னம் செக்கனுக்கு 830 அடி வேகத்தில் போகும் சாதாரண ரவையோடு ஒரு மகசின் சுடுவது பரவாயில்லை. கூடிய அழுத்தமுள்ள ரவை கிட்டவும் கூடாது. வாரந்தோறும் சுடுவதற்கு ஒரு புதுப் பிரதியை வாங்கட்டும். சிலைட் வெடித்தால் அதே ஆண்டு, அதே இலக்கம் உள்ள சிலைட் திரும்பக் கிடைக்காது.

ரொறன்ரோ, ஸ்காபறோவில் இருந்து ஒரு வாசகர்: 2022 ஒக்ரோபர் தடைக்கு முன்னரே என் பெயரில் பதிந்த நொறிங்கோ 1911 வைத்திருக்கிறேன். மாற்றிப் புதிது வாங்க முடியாது. சில மகசின்களில் முதல் ரவை தடக்குகிறது, சிலநேரம் வெற்றுக்கோது வாசலில் நிமிர்ந்து நின்றுவிடுகிறது. சீன உருக்கு என்பதாலா?

உருக்கில் குறை சொல்ல எதுவுமில்லை. நொறிங்கோவின் உருக்குக் கடினம். புதுக் குறிமுனைக்குத் தவாளிப்பு வெட்டப் போனவர்களின் மில்லிங் கத்திதான் மழுங்கும். குழலின் உட்புறம் குரோம் பூசியது, துரு ஏறாது. குறை இருப்பது நீங்கள் தொட்டுப் பார்க்கும் இடங்களில்: கூரான விளிம்புகள், சரியாக அடித்து இறுக்காத பிளஞ்சர் குழாய், பதம் சரியில்லாத மகசின். உங்கள் இரண்டு குறைகளும் இரண்டு வெவ்வேறு காரணம். ஒன்றாகக் குழப்ப வேண்டாம்.

முதல் ரவை தடக்குவது பெரும்பாலும் மகசின். ‘சில மகசின்களில்’ என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். ஒவ்வொரு மகசினுக்கும் அடியில் இலக்கமிட்டு, எது தடக்குகிறது என்று இரண்டு மூன்று பயிற்சிக்குக் குறித்து வையுங்கள். ஒரே இலக்கம் திரும்பத் திரும்ப வந்தால் அதை வீசிவிடுங்கள். மகசினின் வாய் உதட்டைக் குறட்டால் நெளித்துச் சரிசெய்யப் பார்ப்பது காலவிரயம். தகட்டின் பதம் போய்விட்டால் இரண்டாம் நாளே மீண்டும் விரியும்.

எல்லா மகசினிலும் தடக்கினால் குழலைப் பாருங்கள். சிலைட்டைக் கழற்றி, குழலை மட்டும் சட்டத்தில் வைத்து, லிங்க்கை இறக்கிப் பின்னுக்குத் தள்ளுங்கள். ரவை ஏறிவரும் சரிவு சட்டத்தில் ஒரு பகுதி, குழலில் ஒரு பகுதி. இரண்டுக்கும் இடையில் 0.8 மில்லிமீற்றர் அளவில் ஒரு படி இருக்க வேண்டும், குழலின் விளிம்பு சட்டத்தின் விளிம்பைவிட அந்த அளவுக்கு முன்னே நிற்க வேண்டும். இரண்டும் ஒரே மட்டமாக இருந்தாலோ, குழலின் விளிம்பு சட்டத்தின் மேல் நீட்டிக்கொண்டிருந்தாலோ ரவையின் மூக்கு அதில் குத்தி, மேலே அறையின் கூரையில் முட்டி, பின்னால் சிலைட் தள்ள, மூன்று இடத்தில் சிக்கி அசையாமல் நிற்கும். இதற்குக் குழலின் விளிம்பைச் சரிசெய்வார்கள். சட்டத்தின் சரிவில் மட்டும் யாரையும் கைவைக்க விடாதீர்கள். அதன் கோணம் 31.5 பாகை, மினுக்குகிறேன் என்று வட்டக் கல்லை வைத்து அதைக் கெடுத்துவிட்டால் சட்டமே போயிற்று. குழல் போனால் இன்னொரு குழல் வாங்கலாம்.

கோது நிமிர்ந்து நிற்பது கொளுக்கியின் இறுக்கம். மருந்தும் வெடித் தொப்பியும் இல்லாத பயிற்சி ரவை ஒன்று எடுங்கள். கழற்றிய சிலைட்டில், அதன் விளிம்பைக் கீழிருந்து மேலாகக் கொளுக்கிக்குள் சறுக்கி விடுங்கள். சிலைட்டை மெதுவாக ஆட்டினால் ரவை தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். பலமாக உதறினால் விழ வேண்டும். ஆட்டாமலே விழுந்தால் இறுக்கம் போதாது. உதறியும் விழாவிட்டால் கூடிப்போயிற்று, அதுவும் முதல் ரவையைத் தடக்கும். தராசு வைத்துப் பார்ப்பவர்கள் 700 கிராம் அளவில் வைப்பார்கள்.

இறுக்கம் ஏன் போகிறது? ரவையைக் கையால் அறைக்குள் போட்டு அதன் மேல் சிலைட்டை விடும் பழக்கம்தான் பெரிய காரணம். பிறவுணிங்கின் வடிவத்தில் ரவை மகசினிலிருந்து மேலேறும்போதே அதன் விளிம்பு கொளுக்கிக்குள் சறுக்கிப் போய்விடும். கையால் அறைக்குள் போட்டால் கொளுக்கி விளிம்பின் மேலேறித் தாவ வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தாவலும் அதை வெளியே நெளிக்கிறது. எப்போதும் மகசினில் இருந்தே ஏற்றுங்கள். நெளிந்த கொளுக்கியை அதன் துளைக்குள் பாதி விட்டுச் சற்றே வளைத்து மீட்கலாம், அது நல்ல ஸ்பிரிங் உருக்காக இருந்தால். மீண்டும் மீண்டும் தளர்ந்தால், உருக்குக் கட்டையில் வெட்டிய கொளுக்கி ஒன்றை வாங்கிப் பொருத்தச் சொல்லுங்கள். நொறிங்கோ மூல அளவுகளையே பின்பற்றுவதால் கொஞ்சம் ராவினால் பொருந்திவிடும்.

சிலைட்டை முன்னுக்குத் தள்ளும் றிக்கொயில் ஸ்பிரிங்கையும் கையோடு மாற்றுங்கள். 5 அங்குலக் குழலுள்ள .45 இற்கு 16 இறாத்தல் ஸ்பிரிங். 2,000 முதல் 3,000 ரவைக்கு ஒருமுறை மாற்றினால் போதும். பாரம் கூடியதைப் போட்டால் பிஸ்ரலுக்கு நல்லது என்ற எண்ணம் பிழை. சிலைட் வேகமாக முன்னுக்கு ஓடி, மகசின் அடுத்த ரவையை உயர்த்த முன்னரே கடந்துவிடும்.

திருநெல்வேலியில் இருந்து ஒரு குறும்பட இயக்குநர்: 1944 இல் நடக்கும் கதைக்கு இந்தப் பிஸ்ரல் தேவை. இணையத்தில் கிடைக்கும் படங்களில் எது சரியான மாதிரி? காட்சியில் வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

1944 என்றால் 1926 இல் வந்த ஏ1 மாதிரிதான் பொருத்தம். பிடியின் பின்புறம் வளைந்து புடைத்திருக்கும், விசை கட்டையானது, விசைக்குப் பின்னால் சட்டத்தில் பிறைபோல் ஒரு வெட்டு, பிடித்தகடு கபில நிறப் பிளாஸ்ரிக், பூச்சு மினுக்கம் இல்லாத சாம்பல்பச்சை. இன்றைய பிரதியைக் காட்டிக்கொடுப்பவை: சிலைட்டின் முன்பக்கத்திலும் வரிவெட்டு, ஓட்டை போட்ட சுத்தியல், அகலமாக இறக்கி வெட்டிய கோது வாசல், மேலே நீண்டு வளைந்த பிடிச் சேஃப்ரி.

நிஜப் பிரதியோ, காற்றுப் பிஸ்ரலோ, சத்தவெடி வைக்கும் துத்தநாகக் கலப்பு மாதிரியோ தேடிப் போகாதீர்கள். பாதுகாப்பு அமைச்சின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் எதையும் வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க முயல வேண்டாம். நல்ல தச்சர் ஒருவரிடம் அளவு கொடுத்து மரத்தில் செதுக்குவித்து, கரும்பூச்சுப் பூசினால் கமராவுக்குப் போதும். முழு நீளம் 8.5 அங்குலம், குழல் 5 அங்குலம். படப்பிடிப்பு நாளையும் இடத்தையும் பொலிஸ் நிலையத்தில் முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள், தெருவில் எடுக்கவே வேண்டாம். கையில் பிஸ்ரலோடு ஒருவர் ஒழுங்கையால் வருவதைக் கண்டால் மரமா இரும்பா என்று நின்று பார்க்கும் நிலையில் நம் சனங்கள் இல்லை.

காட்சியில் அடிக்கடி வரும் பிழை ஒன்று: ரவை வெடிக்காமல் போக, பாத்திரம் விசையை ‘டிக், டிக்’ என்று மூன்று நான்கு முறை அழுத்துவது. இந்தப் பிஸ்ரலில் அது நடக்காது. ஒருமுறை விழுந்த சுத்தியலைக் கையால் நிமிர்த்தினாலோ சிலைட்டை இழுத்தாலோ ஒழிய, இரண்டாம் முறை விசையில் ஒன்றும் இராது. ரவை முடிந்தால் சிலைட் பின்னுக்கே திறந்து நிற்கும். அப்போது ஒரு ‘டிக்’கூடக் கேட்காது.

கொக்குவிலில் இருந்து ஒரு மாணவர்: 70 சீரிஸ், 80 சீரிஸ் என்கிறார்களே, எது தரம் கூடியது?

தரத்தின் பெயரல்ல அது. 1983 இல் கொல்ட் கொண்டுவந்த 80 சீரிஸில், விசையை அழுத்தாதவரை, ரவையை அடித்து வெடிக்க வைக்கும் ஊசியைப் பூட்டி வைக்கும் சின்ன முளை ஒன்று சிலைட்டுக்குள் இருக்கிறது. பிஸ்ரல் கீழே விழுந்தால் வெடிக்காது. அந்த முளையை உயர்த்தச் சட்டத்துக்குள் இரண்டு நெம்புகள். அவை இல்லாத பிரதிகளை இன்று 70 சீரிஸ் வகை என்கிறார்கள். நெம்புகள் தேய்ந்து முளை முழுதாக உயராவிட்டால் ஊசி அதில் உரசி, ஊசியின் பக்கத்தில் வடு விழும். ஊசியைக் கழற்றும்போது அதைப் பாருங்கள். கிம்பர் நிறுவனத்தின் இரண்டாம் வரிசையில் இதே பூட்டைப் பிடிச் சேஃப்ரியோடு இணைத்திருக்கிறார்கள். அந்த வகையில் சிலைட்டைக் கழற்றும்போதும் பூட்டும்போதும் பிடிச் சேஃப்ரியை அழுத்தக் கூடாது. அழுத்தினால் மேலெழும் முளை சிலைட்டில் மாட்டி நெளியும்.

மானிப்பாயில் இருந்து ஒரு வாசகர்: ஆர்ஜென்ரீனாவின் பலெஸ்ரர்-மொலினாவும் 1911 இன் பிரதிதானா? மூழ்கிய ஜேர்மன் போர்க்கப்பலின் உருக்கில் செய்தது என்று வாசித்தேன். பாகங்கள் மாறிப் போடலாமா?

தோற்றத்தில் பிரதி, உள்ளே வேறு. பிடிச் சேஃப்ரி இல்லை. விசை நேராகப் பின்னுக்குச் சறுக்காமல் ஆணியில் ஊசலாடும். கிறாஃப் ஸ்பே கப்பலின் உருக்கு என்பது உறுதியான ஆதாரம் இல்லாத கதை. பிஸ்ரல் 1938 இல் வெளிவரத் தொடங்கிவிட்டது. கப்பலோ மொன்ரவிடேயோவுக்கு வெளியே 1939 டிசெம்பரில்தான் மூழ்கடிக்கப்பட்டது. அதே நாட்டில் கொல்ட்டின் உரிமத்தோடு செய்த 1927 மாதிரி வேறு. அதில் பாகங்கள் எல்லாம் கொல்ட்டோடு ஒத்துப்போகும். பலெஸ்ரர்-மொலினாவில் குழல், புஷ், றிக்கொயில் ஸ்பிரிங், மகசின் மட்டும் 1911 இனுடையதைப் போடலாம். ஸ்பெயினின் ஸ்ரார் பிஸ்ரல்களும் இதேபோல உருவத்தால் ஏமாற்றுபவை. சுத்தியல், சியர் போன்றவற்றை 1911 இற்கென வாங்கி ராவிப் பொருத்த முனைந்தால் இரண்டு பாகமும் வீண்.